நொரூஸ் வாய்க்கால் கரையில் நான்கு நாள்

நான்கு நாள் பயணத்தில் மொத்தம் 17 முறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதில் 14 முறை, ஒரே ஒரு எட்டு கிலோமீட்டர் தார்ச்சாலையில். மிச்சமிருந்த 200 கிலோமீட்டருக்கு மூன்றே முறை. அந்த மூன்றும் மகள் வருகிறாளா என்று பார்க்கத்தான், வண்டி வருகிறதா என்று பார்க்க அல்ல.

இப்படி ஒரு கணக்கு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பரில், தென் பிரான்சில் நாங்கள் இருக்கும் துலூஸ் நகரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த லாரியின் பக்கக் கண்ணாடி என் சட்டைக் கையை உரசிக்கொண்டு போனது. எனக்கு முன்னால் மகள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று பிரான்சில் சட்டமே உண்டு. சட்டம் இருந்தது, லாரியும் இருந்தது. நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சைக்கிள் இரண்டையும் பால்கனியில் நிறுத்திய நான், இரண்டு வருடம் தொடவில்லை.

திரும்ப எடுத்தபோது எனக்கு ஒரே நிபந்தனைதான் இருந்தது. திரும்பிப் பார்க்க அவசியமில்லாத பாதை வேண்டும். தூரம், வேகம், ஊர் அழகு எல்லாம் அப்புறம். அப்படித் தேடிக்கொண்டு போய்த்தான் கிராவல் சைக்கிளுக்கு மாறினோம். வளைந்த கைப்பிடி, ஆனால் 40 மில்லிமீட்டர் அகல டயர். மண், சரளை, புல் எல்லாவற்றிலும் போகும். டயர் அகலமானால் கார் போகாத வழிகள் திறக்கின்றன, எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் அசென்சியோன், அதாவது இயேசு விண்ணேறிய நாள் விடுமுறை வந்தது. அது எப்போதும் வியாழக்கிழமைதான். வெள்ளியை இங்கே பலரும் பாலம் போட்டு விடுப்பு எடுத்துக்கொள்வார்கள். அந்த நான்கு நாளில் துலூஸிலிருந்து கனால் து மிடி என்ற பழைய படகுக் கால்வாயின் ஓரமாகப் போய், அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பிடித்து, தண்ணீர் புறப்படும் மலைக்காடு வரை போய்வந்தோம். மகளுக்கு இப்போது பதினைந்து. வழியை நான் போட்டேன், சாமான் கட்டியது அவள்.

முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துலூஸிலிருந்து நொரூஸ் மேடு வரை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கிட்டத்தட்ட முழுவதும் கால்வாய்க் கரையில் தார் போட்ட சைக்கிள் பாதை. 50 கிலோமீட்டரில் ஏறும் உயரம் 60 மீட்டர் கூட இல்லை. அந்த ஏற்றமும் எக்லூஸ் வரும் இடங்களில் மட்டும்தான். எக்லூஸ் என்பது படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய மதகுத் தொட்டி. இந்தக் கால்வாயின் தொட்டிகள் நீள்சதுரமாக இல்லாமல் முட்டை வடிவில் வயிறு பருத்திருக்கும். ஆரம்பத்தில் கட்டிய ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்ததால், பக்கச் சுவர்களை வில்போல் வளைத்துக் கட்டத் தொடங்கினார்கள். மகள் ஒவ்வொரு தொட்டியிலும் நின்று படகு ஏறுவதைப் பார்த்தாள். அதனால் சாயங்காலம் வரை இழுத்தது.

பிளாட்டான் மரங்கள் இரண்டு பக்கமும் குடைபிடித்து நிற்கும். படம் எடுக்க வருபவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்த மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்திருக்கிறது. கால்வாயில் முதன்முதலாக 2006-இல் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. கரையோரம் இருந்த 42,000 பிளாட்டான்களில் பெரும்பகுதி போய்விட்டது. அழிவு அதிகம் கிழக்கே கார்கசோன் பக்கம்தான். துலூஸ் பக்கத்தில் இன்னும் நிழல் இருக்கிறது. இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் மறைக்கக் கூடாது. கால்வாய்ப் பாதையில் கார் இல்லையே தவிர, கார் சத்தம் உண்டு. அதே பள்ளத்தாக்கில்தான் ஏ61 நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகின்றன. பல இடங்களில் அந்த இரைச்சல் விடாமல் கூடவே வரும். விடுமுறை நாளில் கூட்டமும் அதிகம். முதல்முறை குழந்தைகளோடு ஓட்டுபவர்களுக்கு நல்ல பாதை. எனக்கு அது வாசல்படி மாதிரி, உள்ளே போகத்தான்.

உள்ளே போகும் கதவு நொரூஸில் இருக்கிறது.

நொரூஸ் ஒரு மேடு என்று பார்த்தால் தெரியாது. கடல்மட்டத்திலிருந்து 190 மீட்டர் இருக்கும். ஆனால் இந்த இடத்தில் விழும் மழை மேற்கே போனால் அட்லாண்டிக், கிழக்கே போனால் மத்தியதரைக் கடல். இரண்டு கடல்களையும் இணைக்கும் கால்வாய் இந்த மேட்டைத் தாண்டியாக வேண்டும். இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மேட்டைக் கடக்கும் ஒவ்வொரு படகும் இரண்டு பக்கமும் தொட்டி தொட்டியாகத் தண்ணீரைக் கீழே இறக்கிவிடும். மேட்டின் மேல் யாராவது இடைவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் கால்வாய் ஓடும். கோடையில் வெடித்துக் கிடக்கும் லொராகே சீமையில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியில்தான் அதற்கு முன்னால் திட்டம் போட்டவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

பதில் சொன்னவர் பியேர்-போல் ரிக்கே. பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். கிழக்கே இருக்கும் மோந்தாஞ் நுவார், அதாவது கருமலையின் ஓடைகளை மறித்து, மலைச்சரிவோடு ஒரு வாய்க்கால் வெட்டி, அந்தத் தண்ணீரை நொரூஸ் வரை கொண்டுவரலாம் என்றார். அவருக்குத் துணையாக மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த ஒருவர் இருந்தார், ரெவேல் ஊரின் நீரூற்றுகளைப் பார்த்துக்கொண்ட பியேர் காம்ப்மாஸ். 1665-இல் ரிக்கே ஒரு சோதனை வாய்க்காலை வெட்டித் தண்ணீர் வருவதைக் காட்டினார். அடுத்த வருடம் பதினான்காம் லூயி மன்னரின் ஆணை வந்தது. வேலை உச்சத்தில் இருந்தபோது 12,000 பேர் வரை மண் சுமந்தார்கள். பெண்கள் கூடையில் சுமந்தார்கள். ரிக்கே 1680-இல் இறந்தார், கால்வாய் 1681-இல் திறந்தது.

ரிகோல் என்று பிரெஞ்சில் சொல்கிறார்கள். அகராதியில் சிறு கால்வாய், ஓடை என்று ஏதேதோ போட்டிருக்கும். முதல்முறை பார்த்தபோதே எனக்கு வந்த சொல் வாய்க்கால்தான். இரண்டு ஆள் அகலம், ஒரு பக்கம் கரை, கரையில் ஆள் நடந்து நடந்து பதிந்த தடம், இடையிடையே அதிக நீரை வழியவிடும் கலிங்கு, கதவு போட்ட மதகு. தண்ணீரில் குப்பை அடைக்கிறதா, கரை உடைகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க ஒரு வழி வேண்டுமே, அந்த வழிதான் இன்று எங்கள் பாதை.

இரண்டாம் நாள் காலையில் ரிகோல் து லா பிளேன், சமவெளி வாய்க்காலைப் பிடித்தோம். நொரூஸிலிருந்து ரெவேல் ஊர் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர் கூட இல்லை. வாய்க்கால் கரையில் போனால் 35 ஆகிறது. தண்ணீருக்கு அவசரம் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட இறங்காத சரிவில் அதை நடத்த வேண்டும் என்றால், வரும் ஒவ்வொரு மேட்டையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து வெளியே வர வேண்டும். கோதுமை வயலுக்குள் நுழைந்து, ஒரு பண்ணை வீட்டின் கொல்லைப்புறத்தைத் தொட்டு, மறுபடி வயலுக்குள். பாப்பி பூக்கள் சிவப்பாகக் கிடந்தன, சூரியகாந்தி கணுக்கால் உயரம்தான் வந்திருந்தது. தலைக்கு மேலே மரக்கிளைகள். புதருக்குள்ளிருந்து நைட்டிங்கேல் பகலிலும் பாடிக்கொண்டிருந்தது. சைக்கிளை நிறுத்தினால் அதன் குரல், ஓட்டினால் டயரின் அடியில் மண் நெரியும் சத்தம்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். லொராகே மண் கனத்த களிமண், தெர்ஃபோர் என்பார்கள். கோதுமைக்கு நல்லது, சைக்கிளுக்கு மழைக்குப் பிறகு ஆகவே ஆகாது. அந்த வருடம் மார்ச்சில் இதே பாதைக்கு நான் தனியாக வந்து பார்த்தேன். முந்தின நாள் பெய்திருந்தது. இரண்டு கிலோமீட்டரில் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் சுரண்டுவது, நூறு மீட்டர் போவது, மறுபடி சுரண்டுவது. கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். மழை நின்று இரண்டு நாள் வெயில் காய்ந்தபின் போனால் அதே பாதை சிமெண்டுத் தரை மாதிரி ஓடும். வேர்கள் மட்டும் குறுக்கே வரும். என் எடைக்கு டயரில் 2 பார் காற்று வைத்திருந்தேன், மகளுக்கு அதற்கும் கொஞ்சம் குறைவு. காற்றைக் குறைத்ததும் வேர்கள் கையை அடிப்பது நின்றது. முள்ளும் உண்டு. குளிர்காலத்தில் வேலிகளை வெட்டிவிடுவார்கள், கருமுள் புதரின் துண்டுகள் வழியில் கிடந்து வசந்தம் வரை காத்திருக்கும். உள்ளே பசை ஊற்றிய டியூப் இல்லாத டயர் என்பதால் இரண்டு முள்ளும் தாங்களாகவே அடைபட்டன. மூன்றாவதற்கு நின்று திரி சொருக வேண்டியிருந்தது.

இந்தப் பாதை நடப்பவர்களுடையது. சில இடங்களில் ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். எதிரே ஆள் வந்தால் நாங்கள் இறங்கி நின்றோம். ஒவ்வொருவரும் போன்ழூர் சொன்னார்கள். அன்று முழுக்க எண்ணி ஒன்பது பேர். ஒரு தாத்தா நாயோடு வந்தார். மகளின் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். "துலூஸிலிருந்து, தண்ணீர் வருகிற இடத்துக்குப் போகிறோம்" என்றாள் அவள். "அப்படியானால் ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமே" என்று சொல்லி, அடுத்த பாலத்தில் கரை மாறச் சொன்னார். அந்தத் தகவல் எந்தச் செயலியிலும் இல்லை.

செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. வழி போட்டுத் தரும் செயலி ஒன்று, அமைதியான பாதை என்று கேட்டதற்கு, ஒருமுறை எங்களை மணல் லாரி ஓடும் சாலையில் கொண்டுபோய் விட்டது. அதிலிருந்து நான் வரைபடத்தை நானே பார்க்கிறேன். பிரான்சின் தேசிய நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவு வரைபடங்களை இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதில் என் தந்திரம் ஒன்றுதான். நிலத்தின் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் இருக்கும். இயற்கையான ஓடை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும். மனிதன் வெட்டிய வாய்க்கால் வெட்டாது, கோட்டோடு ஒட்டியே வளைந்து போகும். அப்படிப் போகிற மெல்லிய நீல வரியைக் கண்டால், அதன் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதை ஏறாது, இறங்காது. கார் ஓட்டுபவருக்கு அது எங்கும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்காது, ஆகவே அங்கே கார் வராது.

நீல வரி இல்லாத இடங்களில் ஷெமென் ருரால் என்னும் ஊர்ப்பாதைகளைப் பார்க்கிறேன். வயலுக்கும் வயலுக்கும் நடுவே, சில இடங்களில் சரளை போட்டும் சில இடங்களில் புல் முளைத்தும் இருக்கும். தனியார் வழி போலத் தோன்றும், ஆனால் கிராம நிர்வாகத்தின் சொத்து, பொதுமக்கள் போகலாம். டிராக்டர் ஒன்று வந்தாலும் வரும், அவ்வளவுதான். அன்று மத்தியானம் அப்படி ஒரு வெள்ளைச் சரளைப் பாதையில் ஏறித்தான் சேன்-ஃபெலிக்ஸ் குன்றுக்குப் போனோம். வாய்க்காலை விட்டு விலக வேண்டாம் என்று எனக்கு இருந்தது. மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். மேலே போனபின் அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. ஒரு பக்கம் கருமலை, இன்னொரு பக்கம் வெகுதூரத்தில் பனியோடு பிரனே மலைகள், நடுவே வயல்களுக்குள் வாய்க்கால் இருக்கும் இடம் மட்டும் மரவரிசையாகத் தெரிந்தது. காலையிலிருந்து நாங்கள் சுற்றிய சுற்றெல்லாம் ஒரே பார்வையில்.

தண்ணீர் தீர்ந்திருந்தது. ஊருக்குள் கடை எல்லாம் மத்தியான அடைப்பு. பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் சொல்லித்தந்த வழி ஒன்று உண்டு, கல்லறைத் தோட்டத்தைத் தேடு. பூச்செடிகளுக்கு ஊற்ற ஒரு குழாய் அநேகமாக இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்று பலகை மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது உள்ளே போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக்கொள்கிறேன், சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

ரெவேலில் அறை ஒரு இரவுக்கு 72 யூரோ. சைக்கிளை வைக்கப் பூட்டிய கொட்டகை தந்தார்கள். சனிக்கிழமை காலை ரெவேல் சந்தை. பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய பெரிய மரக்கூடம், மரத் தூண்கள், நடுவே மணிக்கூண்டு. அதைச் சுற்றித் தெருவெல்லாம் கடை. ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி, ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டோம். கைப்பிடியில் மாட்டிய பையில் ஸ்ட்ராபெர்ரி வைக்காதீர்கள். மலைப்பாதையில் அது ஜாம் ஆகிவிடும்.

ரெவேலுக்கு மேலே சேன்-ஃபெரெயோல் ஏரி. ரிக்கே 1667-இல் தொடங்கி ஐந்தே வருடத்தில் கட்டிய அணை. மழைக்காலத் தண்ணீரைக் கோடைக்குச் சேர்த்துவைக்கும் இடம். அன்று வெயில் ஏறியதும் குழந்தைகள் கரையில் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதிகம் நிற்கவில்லை.

ஏரியிலிருந்து லே காமாஸ் ஊருக்கு ஏறும் தார்ச்சாலைதான் அந்த எட்டு கிலோமீட்டர். மோசமான சாலை அல்ல, சனிக்கிழமை வண்டிகள் மிதமாகத்தான் வந்தன. பெரும்பாலோர் நன்றாகவே விலகிப் போனார்கள். ஆனாலும் என் கழுத்து தானாகத் திரும்பியது. ஒவ்வொரு முறை இன்ஜின் சத்தம் கேட்டபோதும் தோள்கள் காதை நோக்கி ஏறின. மகள் இதைக் கவனித்துவிட்டாள்.

"அம்மா, நீ எனக்குப் பின்னால் வா. உனக்கு நான் தெரிந்துகொண்டே இருப்பேன். திரும்ப வேண்டாம்."

"பின்னால் வருகிறவனை யார் பார்ப்பது?"

"அவன் நம்மைப் பார்ப்பான்மா."

அவள் சொன்னபடி பின்னால் போனேன். திரும்புவது குறையவில்லை. 2019-இல் நடந்தது அவளுக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை, லாரி நிறம்கூடத் தெரியாது. அது எனக்கு நிம்மதி.

லே காமாஸில் சாலையை விட்டதும் மலை வாய்க்கால், ரிகோல் து லா மோந்தாஞ். ஊரின் அடியில் அது ஒரு பாறைக் குகைக்குள் நுழைந்து போகிறது. ரிக்கே வெட்டிய வாய்க்கால் இதற்கு முன்னாலேயே, கோன்கே என்ற இடத்தில் முடிந்து சோர் ஆற்றில் விழுந்தது. அவர் இறந்தபின் 1686-இல் வந்து பார்த்த வொபான், கோட்டை கட்டுவதில் பெயர் பெற்ற அதே வொபான், வாய்க்காலை இன்னும் நீட்டி மலையைக் குடைந்து, தண்ணீரை சேன்-ஃபெரெயோல் ஏரிப்பக்கம் விழச் செய்தார். குகைவாயில் கையை நீட்டிப் பார்த்தோம். ஏரியின் வெயிலிலிருந்து வந்த எங்களுக்கு அங்கே ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

அங்கிருந்து வாய்க்கால் தொடங்கும் அல்ஸோ ஓடை வரை 20 கிலோமீட்டருக்கு மேல் பீச் காடு. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் மறுபடி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுப்பேன். 600 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் ஓட்டுகிறோம், ஆனால் ஏற்றமே தெரியவில்லை. கீழே பள்ளம், மேலே சரிவு, நடுவே கல் கட்டிய வாய்க்காலும் அதன் ஓரத்தில் போன வருடத்துச் சருகு மெத்தை போட்ட பாதையும். பீச் இலைகள் அப்போதுதான் துளிர்த்த இளம்பச்சை. வெளிச்சம் கீழே வரும்போதே பச்சையாகிவிடுகிறது. தண்ணீர் எங்களுக்கு எதிராக வந்துகொண்டிருந்தது, ஒரு சருகு மிதந்து வந்தால்தான் ஓடுகிறது என்றே தெரியும். அவ்வளவு மெதுவாக அதை நடத்தியிருக்கிறார்கள். நிலத்தின் உயரத்தைச் செயற்கைக்கோள் சொல்லும் காலம் இல்லை. ஒரு விரற்கடை அதிகம் சரிந்தால் தண்ணீர் கரையை அரிக்கும், குறைந்தால் தேங்கும். அதைச் சரியாக வெட்டியவர்கள் மண்வெட்டியும் கூடையும் வைத்திருந்தவர்கள். நான் ஏற்றம் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தது அவர்களுடைய கைக்கணக்கின் மேல்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இந்தக் காடுகளில் வேட்டை நடக்கும். வேட்டை நடக்கிறது என்று வழியில் பலகை வைப்பார்கள். அந்தப் பலகையைப் பார்த்தால் நான் திரும்பிவிடுவேன். மே மாதத்தில் அந்தக் கவலை இல்லை.

லாம்பி ஏரியோரம் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு அல்ஸோ மறிப்பைச் சேர்ந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சின்ன ஓடை, அதன் குறுக்கே கல் தடுப்பு, ஒரு மதகு, ரிக்கேயையும் காம்ப்மாஸையும் நினைவுகூரும் கல். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கி நின்றாள். துலூஸில் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் இருக்கும் கால்வாயில் பழுப்பாகக் கிடக்கும் தண்ணீர், இங்கே கூழாங்கல் தெரியும்படி கண்ணாடியாக இருந்தது. "இவ்வளவு குளிரா!" என்று கத்தினாளே தவிர வெளியே வரவில்லை.

இந்தப் பயணத்துக்குப் பிறகு நான் பிரான்ஸ் வரைபடத்தில் நீல வரி தேடும் ஆளாகிவிட்டேன். ஆகஸ்டில் பிரெத்தாஞ் போனபோது இல்வேர்ன் வாய்க்காலைப் பிடித்தோம். நாந்த்-பிரெஸ்த் கால்வாயின் மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டியது, 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நாங்கள் ஓட்டிய பகுதியில் தண்ணீர் இல்லை, வாய்க்காலுக்குள்ளேயே மரம் முளைத்திருந்தது. நாந்த்-பிரெஸ்த் கால்வாய்க் கரையும் நல்ல கிராவல் பாதைதான், குதிரைகள் படகை இழுத்து நடந்த தடம், கெட்டிப்படுத்திய மணல். பூர்கோஞ்ஞில் ஜிவ்ரி முதல் க்ளூனி வரை பழைய ரயில் தடத்தில் 1997-இல் போட்ட பாதை, பிரான்சின் முதல் வுவா வேர்த், பச்சை வழி. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அதுவும் மெல்லிய சரிவுதான். ஆனால் தார் போட்டது, நேராகப் போவது. எனக்கு வாய்க்கால் அளவுக்குப் பிடிக்கவில்லை. க்ளூனியைத் தாண்டி நீளும் அதே தடத்தின் பழைய சுரங்கம் ஒன்றைக் குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக மூடிவைக்கிறார்கள், அது பிடித்தது. அடுத்தது பெரி கால்வாய். 1955-இல் கைவிட்டார்கள். அதன் தொட்டிகள் மூன்று மீட்டர் அகலம் கூட இல்லாதவை, ஒல்லிப் படகுகளைக் கழுதைகள் இழுத்திருக்கின்றன. கழுதை நடந்த வழி என்றால் எங்களுக்கும் சரியாக இருக்கும் என்று மகள் நினைக்கிறாள்.

மே மாதப் பயணத்துக்கே வருகிறேன். நான்காம் நாள், அல்ஸோவிலிருந்து திரும்பி இரவு தங்கிய ரெவேலிலிருந்து அதே சமவெளி வாய்க்கால் வழியே திரும்பினோம். துலூஸ் வரை ஓட்டாமல், நொரூஸுக்குப் பக்கத்து அவின்யொனே நிலையத்தில் ரயில் ஏறுவதாகத் திட்டம். வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றலாம். இந்த வழிக்கு ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள் காலையில் அங்கே ரயிலில் வந்து இறங்கினால், கால்வாய்ப் பாதையையும் ஏ61 இரைச்சலையும் மிச்சப்படுத்திக்கொண்டு நேரே வாய்க்காலுக்குப் போய்விடலாம்.

அன்று ஓதான் காற்று எழுந்திருந்தது. தென்கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று, இரண்டு மூன்று நாள் விடாது, மனிதரைப் பைத்தியமாக்கும் என்று இந்த ஊரில் சொல்வார்கள். வாய்க்கால் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் அது ஒருமுறை முதுகில் தள்ளியது, ஒருமுறை முகத்தில் அடித்தது. மரங்களுக்குள் மட்டும் அமைதி. மகளுக்கு அந்த வேகம் பிடித்துவிட்டது. ஒரு வளைவில் எனக்கு முன்னால் போனவள், மறைந்துவிட்டாள்.

இப்படி மறைந்தால் கூப்பிடுவது என் வழக்கம். வாயைத் திறந்தேன். வண்டி எதுவும் வர முடியாத பாதை, வழி தவற ஒரு கிளைகூட இல்லை, ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கோதுமை. கூப்பிடாமல் என் வேகத்திலேயே மிதித்துக்கொண்டு போனேன். நான்கு வளைவு, ஐந்து வளைவு, அவளைக் காணோம். டயர்த் தடம் மட்டும் மண்ணில் புதிதாக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு கல் பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து வைத்திருந்தாள், பெரிய துண்டு எனக்கு.

"ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கேன். நீ கூப்பிடவே இல்லையே?"

"இல்லை" என்றேன். ரொட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.